பொத்துவிலிலிருந்து ஒரு புத்தகம்: தென்கிழக்குக் கரை எழுத்தாளரின் பதிப்பு வழிகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலில் கடலோரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று தமிழ் பேசும் ஊர்களைக் கோத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. ஈழத்துத் தமிழ்க் கவிதையின் வரலாற்றை இந்தச் சாலையோர ஊர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் இங்கே எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இங்கே பதிப்பிக்கப்படவில்லை. கைப்பிரதியை முடித்த பொத்துவில் எழுத்தாளர் ஒருவர் தானே அச்சிடலாம், புரவலர் அல்லது அரச நிறுவனத்தின் உதவியை நாடலாம், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வெளியீட்டாளரிடம் கொடுக்கலாம், சென்னைக்கு அனுப்பலாம், மின்னூலாக விடலாம். இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. இந்தக் கரையின் பதிப்பு வரலாறு காட்டுவது வேறு: வழியைத் தீர்மானிக்க வேண்டியது எழுத்தாளரின் தகுதி அல்ல, அந்தக் குறிப்பிட்ட நூலின் வாசகர் எங்கே இருக்கிறார் என்பதே. ஒரே எழுத்தாளரின் இரண்டு நூல்களுக்கு இரண்டு வழிகள் பொருந்தலாம்.

தன் நூலைத் தானே வெளியிடுவது தரம் குறைந்த செயல் என்ற எண்ணம் இன்றும் சிலரிடம் உண்டு. வரலாறு அதை ஏற்கவில்லை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. அதை எழுதிய அறிஞர் சித்திலெவ்வை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். எழுதியவரே பத்திரிகைக்காரர், அவரே வெளியீட்டாளர். இலங்கை முஸ்லிம்களின் தமிழ் எழுத்து மரபு தொடக்கத்திலேயே வெளியீட்டுப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்துதான் வந்திருக்கிறது. கண்டிக்கு அருகே கல்ஹின்னையில் எஸ்.எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றமும், கொழும்பில் எம்.ஏ. ரஹ்மான் 'இளம்பிறை' இதழோடு சேர்த்து நடத்திய அரசு வெளியீடும் அந்த மரபின் தொடர்ச்சிகள்.

அம்பாறைக் கரையில் இந்தப் பொறுப்பை எடுக்க ஆள் இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதற்குப் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனின் கதையே சாட்சி. கல்முனைப் பகுதியில் ஒரு தலைமுறைக் கவிஞர்களை உருவாக்கியவர் அவர்; 'பாடும்மீன்' என்ற இதழையும் நடத்தினார். 1975 ஜனவரியில் 43 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றுகூட வந்திருக்கவில்லை. 'வழி' 1976இல் வந்தது. 'வேளாண்மை' என்ற காவியம், மூதூர் எழுத்தாளர் வ.அ. இராசரத்தினத்தின் முயற்சியால் 1982இல் வெளியானது. கவிதைகளின் பெருந்தொகுதியான 'ஒத்திகை' 2001இல்தான் கிடைத்தது. ஈழத்தின் முன்னணிக் கவிஞர் ஒருவரின் எழுத்து முழுமையாக வாசகர் கைக்கு வர அவர் மறைந்தபின் கால் நூற்றாண்டு ஆனது. பத்திரிகைகளில் வெளியானவை பத்திரிகைகளோடு கிடந்தன. நல்ல பதிப்பாளர் வரட்டும் என்று காத்திருப்பதன் விலை இது.

இதே காலத்தில் இதே ஊர்ப்புறத்தில் நடந்த இன்னொரு முயற்சி முற்றிலும் வேறு பாடத்தைச் சொல்கிறது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான், பாண்டிருப்புச் சண்முகம் சிவலிங்கம் ஆகியோரின் ஈடுபாட்டில் 1969–70 காலத்தில் 'கவிஞன்' என்ற கவிதை இதழ் கல்முனையிலிருந்து வந்தது. அதே சூழலில் உருவான 'வாசகர் சங்கம்' என்ற சிறு வெளியீட்டு அமைப்பு, 1970இல் மஹாகவியின் 'கோடை' பா நாடகத்தையும், 1971இல் அவருடைய 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' காவியத்தையும் வெளியிட்டது. மஹாகவி யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சகங்கள் இருந்த நாளில், அவருடைய முக்கியமான இரண்டு நூல்கள் கல்முனை முகவரியோடு வெளிவந்தன. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இலும், அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இலும் இதே வாசகர் சங்க வெளியீடுகளாக வந்தன. பெரிய மூலதனமோ விற்பனைக் கிளைகளோ இல்லாத அந்த அமைப்பின் வலிமை, எதை வெளியிடுவது என்பதில் இருந்த தெளிவிலும், நூலை யாருக்கு அனுப்புவது என்ற அறிவிலும் இருந்தது. இன்று தனிப்பெயரில் பதிப்பகம் தொடங்க நினைக்கும் இளம் எழுத்தாளர் முதலில் படிக்க வேண்டிய வரலாறு இதுவே.

நுஃமான் அதோடு நின்றுவிடவில்லை. 'அழியா நிழல்கள்' 1982இல் சென்னை நர்மதா வெளியீடாகவும், 'மழை நாட்கள் வரும்' 1983இல் சிவகங்கை அன்னம் வெளியீடாகவும் வந்தன. அ. யேசுராசாவோடு சேர்ந்து தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் க்ரியா மூலம் தமிழகத்து வாசகரை அடைந்தது. அடுத்த ஆண்டு, யேசுராசாவும் தொகுப்பாசிரியர்களில் ஒருவராக இருந்த 'மரணத்துள் வாழ்வோம்' ஈழத்திலேயே தமிழியல் வெளியீடாக வந்தது. பலஸ்தீனக் கவிதைகளின் விரிவான பதிப்பைப் பிற்காலத்தில் தமிழகத்து அடையாளம் பதிப்பகம் கொண்டுவந்தது. உள்ளூர் வாசகருக்கு உடனே வேண்டியதை உள்ளூரிலும், தமிழகத்தில் ஈழக் கவிதையை அறிமுகம் செய்ய வேண்டியதைத் தமிழகத்திலும் வெளியிட்ட இந்தத் தெரிவு தற்செயலானதாகத் தெரியவில்லை.

பின்வந்த தலைமுறையிலும் இந்தப் போக்குத் தொடர்கிறது. கல்முனைச் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' 1988இல் உள்ளூர் வியூகம் வெளியீடாக வந்தது. 'காகம் கலைத்த கனவு' 1991இல் நோர்வேயில் இயங்கிய சுவடுகள் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. போர் நடந்த அந்த ஆண்டுகளில், புலம்பெயர்ந்தோர் நடத்திய சிறு பதிப்பகங்கள் கரையோர எழுத்தாளருக்கு எதிர்பாராத கதவுகளைத் திறந்தன. சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரின் முதல் தொகுதி 'ஓவியம் வரையாத தூரிகை' 2004இல் மூன்றாவது மனிதன் வெளியீடாக இலங்கையில் வந்தது. 2007இல் 'எனக்குக் கவிதை முகம்', 2009இல் 'உடல் பச்சை வானம்' ஆகியவை காலச்சுவடு மூலம் வந்தபின் அவருடைய வாசகர் வட்டம் தமிழகம் முழுதும் விரிந்தது. அவர் சேகரித்த கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களின் தொகுப்பான 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' 2013இல் க்ரியாவிடம் போனது. சண்முகம் சிவலிங்கத்தின் முதல் தொகுதி 'நீர்வளையங்கள்' 1988இலும் அடுத்தது 2010இலும் வந்தன. நடுவே 22 ஆண்டுகள்.

பெரிய நிறுவனம் ஒன்று உள்நாட்டிலேயே இந்தப் பணியைச் செய்த காலமும் உண்டு. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அப்படி வந்ததுதான். பத்திரிகை போகும் ஊரெல்லாம் நூலும் போனதால் விற்பனை நடந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த முயற்சி தளர்ந்தது. அந்த நாவல்களின் வெற்றிக்கு எழுத்து எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் விநியோகம். அதன்பின் அத்தகைய விநியோகம் ஈழத்துத் தமிழ் நூலுக்கு வாய்க்கவில்லை.

இன்று தானே அச்சிடுபவரின் கணக்கு முழுவதும் இந்த விநியோகக் குறையில்தான் சிக்கி நிற்கிறது. ஓஃப்செட் அச்சில் தட்டு தயாரிக்கும் செலவு நிலையானது. 300 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் அது மாறாது. எனவே பிரதிகள் கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். இந்தக் குறைவைக் காட்டியே எழுத்தாளரை 1,000 பிரதி அடிக்கத் தூண்டுவது வழக்கம். டிஜிட்டல் அச்சில் தட்டு இல்லை. 50 பிரதிகூட அடிக்கலாம், அடக்கவிலை சற்றுக் கூடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திப்போடப்பட்டதும், கொழும்பில் நாளிதழ்கள் சில அச்சுப் பதிப்பை நிறுத்தியதும் நினைவிருக்கும். ரூபாவின் வீழ்ச்சிக்குப் பிந்திய இந்த நாளில் விற்காத பிரதி என்பது முடங்கிய பணம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அடக்கவிலை 400 ரூபா, 300 பிரதி. முதலீடு 120,000 ரூபா. விலை 900 ரூபா என்று வைத்து, வெளியீட்டு விழாவில் 100 பிரதி முழு விலைக்குப் போனால் 90,000 ரூபா. புத்தகக் கடைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு கொடுத்து 60 பிரதி விற்றால் 36,000. மொத்தம் 126,000. அன்பளிப்பு, விமர்சனம், பரிசுப் போட்டி என்று 50 பிரதி போகும். மிச்சம் 90 பிரதி வீட்டில். முதல் தேறிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் தட்டெழுத்து, பக்க வடிவமைப்பு, அட்டைப்படம், ஒப்புநோக்கல், மண்டபம், அழைப்பிதழ், சிற்றுண்டி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கடையில் கொடுத்த பிரதிக்குக் காசு எப்போது வரும் என்பதும் இல்லை. பொத்துவிலிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பார்சல் போடும் செலவும் இல்லை. அதனால்தான் வெளியீட்டு விழா இந்தக் கரையில் வெறும் சடங்காக இல்லாமல் நூலின் முதன்மைச் சந்தையாகவே ஆகிவிட்டது. முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் பெறுவோர் கொடுக்கும் பண உறை, அச்சகத்துக் கடனை அடைக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உறை கொடுப்பவர் எல்லோரும் வாசகர் அல்லர். விழாவோடு விற்பனை முடிந்துவிடுகிற நூல், ஊரைத் தாண்டுவதில்லை.

வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரமும் உப்புக்காற்றும் தெரிந்த ஊரில், கட்டுக்கட்டாய் நூலை வீட்டில் அடுக்கிவைப்பது ஆபத்தும்கூட. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையோர வீடுகளை அள்ளியபோது நூல்களும் கைப்பிரதிகளும் சேர்ந்தே போயின. தன் செலவில் அச்சிடுவோர் 200 அல்லது 300 பிரதியோடு தொடங்கி, தேவைப்பட்டால் மறுபடி அடிப்பதே நல்லது.

உதவி பெற்று வெளியிடும் வழி பலருக்குத் தெரியாமலே போகிறது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, கைப்பிரதிகளைத் தெரிவுசெய்து நூல் வெளியீட்டு உதவி வழங்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் எழுத்தாளருக்கான பரிசு, உதவித் திட்டங்களைக் கொண்டது. இவற்றின் அறிவித்தல்கள் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரிடம் வரும். அவரோடு தொடர்பில் இருப்பது எழுத்தாளருக்கு நன்மை. தனியார் பக்கத்தில், புரவலர் ஹாசிம் உமர் தொடங்கிய புரவலர் புத்தகப் பூங்கா, இதுவரை நூல் வெளியிடாத எழுத்தாளரின் முதல் நூலைத் தன் செலவில் வெளியிட்டுக் கொடுக்கும் நோக்கத்தோடு உருவானது. இந்த வழிகளில் பணச்சுமை குறையும், காத்திருப்புக் கூடும். அச்சாகி முடிந்தபின் நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இங்கும் எழுத்தாளருடையதே.

இலங்கை வெளியீட்டாளர்களில் மருதானை கொடகே நிறுவனம், சிங்கள நூல்களோடு தமிழ் நூல்களையும் வெளியிடுகிறது. குமரன் புத்தக இல்லம் நீண்டகால அனுபவம் உள்ளது. யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து வரும் 'ஜீவநதி' இதழ், நூல் வெளியீட்டையும் சேர்த்துச் செய்கிறது. இவை தவிர, எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு தம் பெயரைப் போட்டு அச்சிட்டுத் தரும் பதிப்பகங்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் பெருகியுள்ளன. பணம் கொடுத்துப் பதிப்பிப்பது தவறன்று. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதே தவறு. எத்தனை பிரதி அடிக்கப்படும், அவற்றில் எத்தனை எழுத்தாளருக்கு வரும், மீதியை யார் எங்கே விற்பார், மறுபதிப்பு உரிமை யாரிடம் இருக்கும் ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு சதமும் கைமாறக் கூடாது. வடிவமைத்த பக்கங்களின் கோப்பையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்புக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

சென்னை வழியின் ஈர்ப்பு இயல்பானது. தேர்ந்த பதிப்பாசிரியர், நல்ல அட்டை, ஜனவரிப் புத்தகக் காட்சி, தமிழகம் முழுக்க விநியோகம், இதழ்களில் விமர்சனம் எல்லாம் அங்கே கிடைக்கும். முதலீடு பதிப்பகத்துடையது, எழுத்தாளருக்கு உரிமத்தொகை வழக்கமாக விலையில் 10 சதவீதம். 200 இந்திய ரூபா நூல் 500 பிரதி விற்றால் 10,000 இந்திய ரூபா. ஓர் இந்திய ரூபா மூன்றரை இலங்கை ரூபா என்று கொண்டால் 35,000. இது வருமானம் என்று சொல்லத்தக்க தொகை அன்று. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதே நூல் இறக்குமதியாகி, கப்பற்கூலியும் கடைக்கழிவும் சேர்ந்து பொத்துவிலுக்கு வரும்போது, அதை எழுதியவரின் அயலவருக்கே எட்டாத விலையாகிவிடுகிறது. தன் ஊர்ப் பேச்சையும் வயலையும் கடலையும் எழுதிய நூல் தன் ஊரில் கிடைக்காமல் போவது பெரும் இழப்பு. இதற்கு மருந்து ஒப்பந்தத்தில் இருக்கிறது: இந்தியப் பதிப்புரிமையை மட்டும் சென்னைக்குக் கொடுத்து, இலங்கைப் பதிப்பை எழுத்தாளரோ உள்நாட்டு வெளியீட்டாளரோ கொண்டுவரும் உரிமையைப் பேசி வைத்துக்கொள்வது. கேட்டால் பல பதிப்பாளர்கள் இணங்குவார்கள்; கேட்பவர்தான் குறைவு. மொழிநடையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. கரையோர முஸ்லிம்களின் பேச்சுச் சொற்களைத் தமிழகத்து வாசகருக்காக மாற்றிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லடைவு ஒன்றைப் பின்னால் சேர்த்தால் போதும்.

மின்னூல் வழி செலவற்றது, ஆனால் வேலையற்றதல்ல. அமேசான் கிண்டிலில் தமிழ் நூலை ஆசிரியரே ஏற்றும் வசதி 2016 டிசம்பரில் வந்தது. இலவசமாக வாசகருக்குக் கொடுக்க விரும்புவோருக்கு 2013இல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' திட்டம் இருக்கிறது. இலங்கை எழுத்தாளருக்கு இங்கே எதிர்ப்படும் முதல் தடை பழைய எழுத்துரு. நாட்டின் அச்சகங்களில் நெடுங்காலம் ஆண்டது பாமினி. அதில் தட்டிய பிரதியை யுனிகோடுக்கு மாற்றினால்தான் மின்னூல் ஆகும், மாற்றியபின் வரிக்கு வரி பிழை பார்க்க வேண்டும். புதிதாக எழுதுவோர் தொடக்கத்திலேயே யுனிகோடில் தட்டினால் இந்தச் சிரமம் இல்லை. மின்னூலால் பணம் அதிகம் வராது. லண்டனிலும் டொரண்டோவிலும் கட்டாரிலும் உள்ள ஊர்க்காரர் கைக்கு அன்றே போய்ச் சேரும் வழி வேறு இல்லை என்பதே அதன் பலம்.

எந்த வழியானாலும் சட்டம் சார்ந்த சில காரியங்கள் பொது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவருக்குப் பதிப்புரிமை எழுதிய கணமே உண்டு; பதிவு தேவையில்லை; ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் அது நீடிக்கும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேசத் தராதர நூல் எண்ணை விண்ணப்பித்துப் பெறலாம். 955 அல்லது 624 என்ற இலக்கம் அது இலங்கை நூல் என்பதைக் காட்டும். எண்ணை எழுத்தாளர் தன் பெயரிலேயே எடுப்பது விரும்பத்தக்கது. அச்சான நூலின் பிரதிகளைச் சட்டப்படி தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கு அடிப்படையான அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 'அசன்பே சரித்திரம்' வந்த அதே 1885இல் பிறந்தது.

பொத்துவிலில் முதல் கவிதைத் தொகுதியோ சிறுகதைத் தொகுதியோ வெளியிடுபவருக்கு ஏற்றது, உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 200 பிரதி அளவில் தன் பெயரிலோ நண்பர் குழுவின் பெயரிலோ அச்சிடுவது. ஊர் வரலாறு, நாட்டார் பாடல், வாய்மொழிச் சேகரிப்புக்கும் இதுவே முதல் வழி. அவற்றின் முதல் வாசகரும் திருத்துபவரும் ஊரிலேயே இருக்கிறார்கள். நாவலை, குறிப்பாக ஊருக்கு வெளியே பேசப்பட வேண்டிய நாவலை, பொறுமையிருந்தால் நேரே சென்னைக்கு அனுப்பலாம். தனியாகப் பதிப்பகம் நடத்துவதைவிட அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உள்ள எழுத்தாளர் ஐந்தாறு பேர் கூடி, வாசகர் சங்கம் செய்ததுபோல் ஒரே பெயரில் வெளியிட்டு ஒருவர் நூலை மற்றவர் சுமந்து விற்பது பல மடங்கு பயன் தரும்.

நூல் வெளிவந்தால் மட்டும் போதாது, பதிவிலும் நிற்க வேண்டும். சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல், இலங்கை முஸ்லிம்களின் தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு 'சுவடி ஆற்றுப்படை' என்ற பெயரில் பல பாகங்களாக வெளியிட்டார். என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' தொகுதிகளில் தொகுதிக்கு ஆயிரம் நூல் வீதம் பதிவு செய்துவருகிறார். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், பழைய நூல்களை எண்ணிமப்படுத்தி யாரும் வாசிக்கத் தருகிறது. இவர்கள் கைக்கு எட்டிய நூல்தான் வரலாற்றில் நிற்கிறது. கரையோர எழுத்தாளர் தம் நூல் வெளிவந்த வாரத்திலேயே ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கும், ஒன்றைத் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒன்றை ஊர்ப் பொது நூலகத்துக்கும், ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட வேண்டும்.